ஒரு பரப்பு, பன்னிரண்டு குழி

போன வெள்ளிக்கிழமை நீங்கள் நான்கு பேரும் மத்தியானச் சாப்பாட்டையும் மறந்து சண்டை பிடித்துக்கொண்டிருந்தீர்கள். உள்ளே வருகிற தரவைச் சோதிப்பதும் சுத்தம் செய்வதும் எங்கே? ஆள் உட்கார்ந்து பதிகிற திரையிலா, நடுவில் ஓடுகிற புறோக்கிராமிலா, தரவுத்தளத்தின் வாசலிலா? கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம், என் அறையில் இருந்து முழுவதையும் கேட்டேன். நான் வாயைத் திறந்தால் எழுந்து நின்றுவிடுவீர்கள், நல்ல சண்டை கெட்டுப்போய்விடும் என்று பேசாமல் இருந்தேன்.

இப்போது எழுதுகிறேன். நீங்கள் எல்லோரும் பட்டம் பெற்றவர்கள். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். ஆனால் உங்கள் கேள்விக்கு நான் விடை கண்டபோது உங்களில் ஒருவரும் பிறந்திருக்கவில்லை. அதைப் புத்தகத்தில் காணவில்லை, மண்ணெண்ணெய் வரிசையில் கண்டேன்.

எண்பதுகளின் நடுப்பகுதி. மருதனார்மடத்தில், வெங்காயமும் மிளகாயும் செய்கிற தோட்டக்காரர்களின் சங்கம் ஒன்று இருந்தது. அதன் அங்கத்தவர்களுக்கு நான் இறைப்பு மெசின், கிணற்றில் இருந்து தண்ணீர் இறைக்கிற மண்ணெண்ணெய் மெசின், திருத்திக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அந்தச் சங்கம் ஒரு கொம்பியூட்டர் வாங்கியது. யாருக்கு எவ்வளவு காணி, அதற்கு எவ்வளவு பங்கீடு என்று கணக்குப் போடும் புறோக்கிராம் ஒன்றை ஒருவர் எழுதிக் கொடுத்துவிட்டு, கொஞ்ச நாளிலேயே வெளிநாடு போய்விட்டார். பெட்டி மேசையில் கிடந்தது. அதைத் தொட எல்லோருக்கும் பயம். எனக்குப் பயம் வரவில்லை. எந்த மெசின் என்றாலும் உள்ளே போவது, உள்ளே நடப்பது, வெளியே வருவது என்று மூன்றுதானே? ஆங்கிலக் கையேட்டையும் ஒரு அகராதியையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் படித்தேன். ஒரு மாரி முடிவதற்குள் அது என் சொல் கேட்டது. அந்த நாளில் வலிகாமம் முழுக்கத் தேடியிருந்தாலும் கடைசியில் என்னிடம்தான் வந்து நின்றிருப்பீர்கள்.

உங்களில் சிலர் கொழும்பில் வளர்ந்தவர்கள், எங்கள் காணி அளவு தெரியாது. யாழ்ப்பாணத்தில் காணியைப் பரப்பில் சொல்வோம். தோட்டக் காணியில் பதினெட்டுக் குழி சேர்ந்தால் ஒரு பரப்பு. வயற்காணிக் கணக்கு வேறு, அது இங்கே வேண்டாம். ஒருவர் 'ஒன்றரைப் பரப்பு' என்பார், அடுத்தவர் அதே அளவை 'ஒரு பரப்பு ஒன்பது குழி' என்பார். கேட்கிற எங்களுக்குக் குழப்பமே இல்லை.

கொம்பியூட்டர் திரையில் காணி அளவுக்கு ஒரே ஒரு கட்டம். புள்ளி வைத்த எண் ஒன்றை அதில் பதிய வேண்டும். நீர்வேலிப் பகுதிக் காணிகளைப் பதிந்தவர் வசந்தா என்ற கிளாக்கர். தோட்டக்காரர் வந்து 'ஒரு பரப்பு பன்னிரண்டு குழி' என்றால் அவர் 1.12 என்று அடித்தார். ஒரே கட்டத்தில் வேறு எப்படி அடிப்பது? மருதனார்மடப் பகுதிக் காணிகளை எழுதித் தந்தவர் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர். அவர் குழியைப் பதினெட்டால் வகுத்து, அதே அளவை 1.67 என்று போட்டார். அவருடைய கணக்கு நகரத்தில் ஒரு கடையில் பதியப்பட்டு டிஸ்க்கில் வந்தது. திரையைக் காணாமல் நேரே கோப்புக்குள் போனது. இருவரும் நேர்மையானவர்கள், கெட்டிக்காரர்கள். இருவருடைய எண்களும் ஒரே கோப்பில் ஒன்றாய்க் குந்தியிருந்தன.

புறோக்கிராம் சோதனை செய்யவில்லையா என்று கேட்பீர்கள். செய்தது. திரையில் பதிகிறது எண்தானா? பூச்சியத்தைவிடப் பெரிதா? ஐம்பதைவிடச் சிறிதா? எல்லாம் சரி என்றுதான் உள்ளே விட்டது. அச்சடிக்கிற நேரத்தில் இன்னொரு வேலையும் செய்தது. பட்டியல் துப்புரவாக இருக்கட்டும் என்று, ஒவ்வொரு அளவையும் கிட்டிய அரைப் பரப்புக்கு மட்டந்தட்டிவிட்டது; 1.2 என்றால் 1, 1.3 என்றால் 1.5. அதை எழுதிய மனிதர் நல்ல எண்ணத்தோடுதான் செய்திருப்பார்.

அந்த வருடம் மண்ணெண்ணெய்க்குப் பெரிய தட்டுப்பாடு. லொறி சந்திக்கு வந்து நின்ற பிறகுதான் 'வந்துவிட்டது' என்று சொல்ல முடியும். ஒரு நாள் காலையில் லொறி வந்து மண்ணெண்ணெய்ப் பரல்களை, பெரிய தகரப் பீப்பாய்களை, இறக்கியது. வெங்காயத்தின் கிழங்கு பருக்கிற பருவம். அந்த நேரத்தில் இறைப்புத் தவறினால் பிடுங்கும்போது வெறும் வெங்காயத்தாள்தான் கையில் வரும். பரப்புக்கு மூன்று லீற்றர் என்று சங்கம் முடிவு செய்தது. நான் பட்டியலை அச்சடித்துக் கொடுத்தேன். நீர்வேலிச் சனம் சைக்கிள்களில் கலன்களைக் கட்டிக்கொண்டு முதலாவதாக வந்து நின்றார்கள். ஊற்றத் தொடங்கினார்கள்.

ஒரு பத்துப் பதினைந்து பேர் வாங்கிக்கொண்டு போயிருப்பார்கள். ஒரு பெண் கலனோடு நேரே என் மேசைக்கு வந்தார். பெயர் பரமேஸ்வரி. கணவர் செத்த பிறகு தோட்டத்தை ஒற்றையாளாகச் செய்து இரண்டு பெண்பிள்ளைகளை வளர்க்கிறவர். அந்த வெங்காயத்தை விட்டால் வீட்டுக்கு வேறு வழி இல்லை என்று வரிசையில் நின்ற எல்லோருக்கும் தெரியும்.

"தம்பி, இதிலை எனக்கு ஒரு பரப்பு எண்டு கிடக்கு. மிச்சம் பன்னிரண்டு குழியையும் ஆர் திண்டது?"

"பொறுங்கோ அக்கா, பாக்கிறன்."

"நான் எவ்வளவு நேரமும் பொறுப்பன். வெங்காயம் பொறுக்காது. இந்தா, கந்தையா அண்ணைக்கு ரெண்டு பரப்பு எண்டு ஆறு லீற்றர் அளந்து குடுத்திருக்கிறியள். அவர் கொண்டுபோயிட்டார். அவற்றை காணி ஒரு பரப்பு ஒன்பது குழி. எனக்கும் அவருக்கும் நடுவிலை ஒரு வேலி. ரெண்டு பேருக்கும் ஒரு கிணறு. விடியிறதுக்குள்ளை அவற்றை காணி வளந்து, என்ரை காணி சுருங்கிப் போச்சோ?"

வரிசை சிரித்தது. ஆனால் அவர் சிரிக்கவில்லை. அது பங்குக் கிணறு. முறை வைத்துத்தான் இறைப்பார்கள். அன்று கந்தையா அண்ணையின் முறை, மறுநாள் இவருடைய முறை. அதைத் தவறவிட்டால் எல்லோரும் இறைத்து முடித்த பிறகுதான் மறுபடி வரும். அவருக்கு வேண்டியது ஐந்து லீற்றர். பட்டியல் சொன்னது மூன்று.

கோப்பைத் திறந்து பார்த்தேன். 1.12 மட்டந்தட்டி 1 ஆகியிருந்தது. 1.9 மட்டந்தட்டி 2 ஆகியிருந்தது. பெரிய காணி சின்னதாய், சின்னக் காணி பெரியதாய். பிழை எங்கே என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. இதை நான் பெரிதாகச் சொல்லவில்லை. பிழையை எவரும் காணலாம். கண்ட பிறகு, கையை எங்கே வைக்கக்கூடாது என்று தெரிய வேண்டும். அதில்தான் நான் ஆள்.

மனேஜர் வந்து என் தோளுக்கு மேலால் பார்த்தார். நல்ல மனிதர். பயந்த மனிதர்.

"சங்கக் கூட்டத்திலை என்ன சொன்னனீர்? ஒரு கட்டளை போட்டால் எல்லாம் திருந்தும் எண்டனீர். இப்ப போடும். புள்ளிக்குப் பின்னாலை கிடக்கிறதைப் பதினெட்டாலை பிரிச்சால் சரிதானே?"

"போடலாம் ஐயா. ஆனால் போடமாட்டன்."

"என்ன விசர்க்கதை உது?"

"இதைப் பாருங்கோ. 1.5 எண்டு ஒராள். இது ஒண்டரைப் பரப்போ, ஒரு பரப்பு ஐஞ்சு குழியோ?"

"ஐஞ்சு குழி."

"வாத்தியார் தந்ததெண்டால் ஒண்டரை."

"அப்ப வாத்தியாற்றை ஆக்களை விட்டிட்டு மற்றாக்களைத் திருத்தும்."

"ஆர் தந்தது எண்டு கோப்பிலை எழுதேல்லை ஐயா. பிறகு இஞ்சை பாருங்கோ, 1.1 எண்டு நாலு பேர். இது ஒரு குழியோ, பத்துக் குழியோ?"

பக்கத்தில் நின்ற வசந்தா குனிந்து பார்த்தார். "பத்துக் குழியை நான் 1.10 எண்டுதான் அடிச்சனான், அண்ணை. ஒரு குழியை 1.1 எண்டு அடிச்சனான். ரெண்டும் எப்பிடி ஒண்டாய்ப் போச்சு?"

"கடைசிப் பூச்சியத்தை அது விழுங்கிப் போட்டுது."

மனேஜர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இந்த இடத்தில் நீங்களும் கொஞ்சம் நில்லுங்கள். அந்தப் பூச்சியம் கோப்புக்குள் இல்லை. எவ்வளவு கெட்டிக்காரத்தனமான கட்டளை எழுதினாலும், இல்லாததைக் கழுவி எடுக்க முடியாது. வாசலில் தொலைந்ததை உள்வீட்டில் தேடிப் பயனில்லை. ஒரு பரப்பு பத்துக் குழி என்பது அந்த மனிதருடைய வாயில் மட்டும்தான் மிச்சம் இருந்தது. அந்த வாய் அப்போது வெளியே வரிசையில் நின்று என்னை ஏசிக்கொண்டிருந்தது.

"அப்ப எல்லாத்தையும் நிப்பாட்டவோ?" மனேஜரின் குரல் இறங்கிவிட்டது. "நிப்பாட்டினால் சனம் என்னைத் தோலுரிக்கும். ஊரடங்குக்கு முதல் பரல் வெறுமையாக வேணும். நாளைக்கு இந்த எண்ணெய் இஞ்சை இருக்குமோ எண்டு எனக்குத் தெரியாது."

"எல்லாத்தையும் நிப்பாட்ட வேண்டாம். புள்ளி இல்லாத ஆக்களுக்கு ஊத்துங்கோ. ரெண்டு பரப்பு எண்டால் வசந்தா அடிச்சாலும் வாத்தியார் எழுதினாலும் ரெண்டுதான். புள்ளி உள்ளாக்களை மாத்திரம் இந்தப் பக்கம் அனுப்புங்கோ. நான் திரும்பக் கேக்கிறன்."

"அதுக்கு எவ்வளவு நேரம் செல்லும்?"

"ஒரு பிழையான கட்டளையைத் திருத்திறதிலும் பாக்கக் குறைஞ்ச நேரம்."

இதை உங்கள் குறிப்புப் புத்தகத்தில் எழுதுங்கள். சந்தேகம் வந்தால் கடையையே பூட்டுகிறவன் கோழை. சந்தேகத்தோடு எல்லோருக்கும் ஊற்றுகிறவன் மடையன். சந்தேகமானதை ஒதுக்கி வைத்துவிட்டு மற்றதை ஓடவிட வேண்டும். இன்றைக்கு நீங்கள் இதற்குப் பெரிய பெயர்கள் வைத்திருக்கிறீர்கள். அன்று அதற்குப் பெயர் 'இந்தப் பக்கம் வாங்கோ'.

கதவுக்கு வெளியே ஒரு மேசை போட்டோம். தாளில் இரண்டு கட்டம், ஒன்று பரப்புக்கு, மற்றது குழிக்கு. நான் கேட்பேன், ஆள் சொல்வார், வசந்தா எழுதிவிட்டு அதை உரத்து வாசிப்பார். உரத்து வாசிக்கச் சொன்னது நான்தான். காரணம், ஒரு தோட்டக்காரனின் காணி அளவு அவனைவிடப் பக்கத்துத் தோட்டக்காரனுக்கு நன்றாய்த் தெரியும்.

"ஒரு பரப்பு இருபது குழி," என்றார் ஒருவர்.

வசந்தா பேனையை எடுக்கவில்லை. "பதினெட்டோடை மற்றப் பரப்பு வந்திடும், அண்ணை. ரெண்டு பரப்பு ரெண்டு குழி எண்டு எழுதவோ?"

"அப்பிடியும் எழுதலாம்."

பின்னால் இருந்து ஒரு குரல்: "எப்பிடியும் எழுதேலாது! உவற்றை காணி ஒரு பரப்பு பன்னிரண்டு. மிச்சம் எட்டும் மச்சான்ரை. மச்சான் அங்கை தன்ரை பங்குக்கு நிக்கிறார்."

"உமக்கேன் காணும் உந்த வேலை?"

"என்ரை வெங்காயத்துக்கும் இந்தப் பரல்தானே காணும்!"

அவர் ஒரு பரப்பு பன்னிரண்டு என்று திருத்திச் சொன்னார். இப்படித்தான் போனது. பதினெட்டைத் தாண்டினால் வசந்தா நிறுத்துவார். பதினெட்டுக்குள் பொய் சொன்னால் வரிசை நிறுத்தும். முதலாவதை எந்தப் புறோக்கிராமும் செய்யும். இரண்டாவதை, தெரிந்த ஆள் பக்கத்தில் நிற்கும்போதுதான் செய்ய முடியும். ஆகவே பதிகிற இடத்தில் கேளுங்கள் என்று நான் சொல்வது சோம்பலால் அல்ல. உண்மை தெரிந்தவர் உங்கள் முன்னால் நிற்கிற ஒரே இடம் அதுதான்.

பரமேஸ்வரி அக்காவைக் கடைசியில் நிற்பாட்டச் சொன்னவர் மனேஜர். பிழை பிடித்தவருக்கு முதலில் கொடுத்தால், முந்துவதற்காகவே எல்லோரும் பிழை பிடித்துக்கொண்டு வருவார்கள் என்றார். அதிலும் ஒரு நியாயம் இருந்தது. அக்கா சொன்னார், "சரி, நிக்கிறன். உண்மை சொன்னதுக்கு இந்தப் பரிசு காணும்."

அவருடைய முறை வந்தபோது பரலைச் சரித்துத்தான் ஊற்ற வேண்டியிருந்தது. மூன்றரை லீற்றரோடு பரல் முடிந்தது. ஒன்றரை லீற்றர் குறை. பிழைப் பட்டியலில் கூடுதலாய் வாங்கிக்கொண்டு போனவர்கள் வீடு போய்ச் சேர்ந்திருப்பார்கள். மனேஜர் கையை விரித்தார். அக்கா கலனின் வாயை மூடி, சைக்கிளில் கட்டிக்கொண்டு ஒரு சொல்லும் சொல்லாமல் போனார். காலையில் இருந்து அவ்வளவு கதைத்தவர் கதைக்காமல் போனதுதான் எனக்கு உறைத்தது.

ஊரடங்குக்கு இன்னும் நேரம் இருந்தது. சைக்கிளை எடுத்தேன். "எங்கை போறீர்?" என்று மனேஜர் கேட்டார். "பிழையான எண் எங்கை போய் விழுந்தது எண்டு பாத்திட்டு வாறன்" என்றேன். உரும்பிராய்ச் சந்தியைத் தாண்டி நீர்வேலிக்குப் போய்ச் சேர்ந்தபோது கந்தையா அண்ணையின் மெசின் ஓடிக்கொண்டிருந்தது. சத்தத்திலேயே அது நான் திருத்திய மெசின் என்று தெரிந்தது. வெங்காயப் பாத்தி எல்லாம் நனைந்து முடிந்திருந்தது. தண்ணீர் வேலியோரத்து வாழைகளுக்குப் போய்க்கொண்டிருந்தது.

"வாரும் தம்பி," என்றார் கந்தையா அண்ணை. மண்வெட்டிப் பிடியில் சாய்ந்துகொண்டு நின்றார். "என்ன இந்தப் பக்கம்? திருப்பிக் கேக்க வந்தனீரோ? பேப்பரிலை ரெண்டு பரப்பு எண்டு கிடந்தது. மெசின் தந்ததை நான் வேண்டாம் எண்டு சொல்லுறதே? நான் களவெடுத்தனானே?"

"இல்லை அண்ணை. ஒருத்தரும் அப்பிடிச் சொல்லேல்லை. எனக்கு ஒண்டு சொல்லுங்கோ, உங்கடை காணி எவ்வளவு?"

"ஒரு பரப்பு ஒன்பது குழி. ஏன்?"

"ரெண்டு எண்டு பதிஞ்சு கிடக்கு. அப்பிடியே விடவோ?"

அவர் யோசித்தார். "விட்டால் என்ன?"

"ஒண்டுமில்லை. கூடின ஒன்பது குழியையும் எந்த வேலிக்கு அங்காலை எடுக்கிறது எண்டு நாளைக்கு ஆரும் கேட்டால் நான் என்ன சொல்ல?"

வேலிக்கு மறுபக்கம் இருந்து குரல் வந்தது. பரமேஸ்வரி அக்கா வந்துவிட்டார் என்பது எனக்கு அதுவரை தெரியாது. "என்ரை வேலியிலை ஆரும் ஒரு கதியால் தடியை அசைச்சுப் பாக்கட்டும்!"

"ஆரடி உன்ரை வேலியைத் தொட்டது?" என்று கந்தையா அண்ணை திருப்பிக் கத்தினார். பிறகு என்னைப் பார்த்தார். கோபமும் சிரிப்பும் ஒன்றாய் வந்தன. "நீர் பெரிய சுழியன் தம்பி. எண்ணெயைக் கேட்டிருந்தால் ஏசிக் கலைச்சிருப்பன்."

"எண்ணெய் எனக்கு வேண்டாம், அண்ணை. அது மெசினுக்குள்ளை போயிட்டுது. தண்ணியைத்தான் பாக்கிறன். வாழைக்குச் சங்கம் பங்கீடு தந்ததோ?"

அவர் வாய்க்காலில் இறங்கி, வாழைப் பக்கம் போகிற வாயை இரண்டு மண்வெட்டி மண்ணால் அடைத்தார். வேலிக்குக் கீழால் போகிற பழைய வாயை வெட்டித் திறந்தார். தண்ணீர் கொஞ்சம் தயங்கி, சருகுகளைத் தள்ளிக்கொண்டு மறுபக்கம் போனது.

"எண்ணெய் முடியுமட்டும்தான் ஓடும்," என்றார் வேலியைப் பார்த்து.

"உங்கடை வாழை வயிறு முட்டக் குடிச்சிட்டுது. ஓடட்டும்," என்றார் அக்கா. மெசின் இருமி நிற்கும்வரை அவர் தண்ணீரைப் பாத்தி பாத்தியாய்த் திருப்பிக்கொண்டிருந்தார். மிச்சப் பாத்திகளுக்கு மறுநாள் அந்த மூன்றரை லீற்றர் போதும் என்றார். நான் ஊரடங்குக்கு முதல் வீடு போய்ச் சேர்ந்தேன்.

பிள்ளைகளே, ஒரு எண்ணை அச்சடித்த பிறகு திருத்துவது என்றால் இதுதான். ஏழு கிலோமீற்றர் சைக்கிள், ஒரு வேலிச் சண்டை, ஒரு மனிதருடைய பெருந்தன்மை. அந்தப் பத்துப் பதினைந்து பேரில் நான் போய்ப் பார்த்தது ஒருவரை மட்டும்தான்.

அடுத்த நாள் புறோக்கிராமைப் பிரித்தேன். திரையில் பரப்புக்கு ஒரு கட்டம், குழிக்கு ஒரு கட்டம். குழி பதினெட்டானால் அது நகராது. பதிந்ததை ஆளுக்கு வாசித்துக் காட்டி அவர் 'ஓம்' என்ற பிறகுதான் உள்ளே போகும். அதே பதினெட்டுச் சட்டத்தைக் கோப்பின் வாசலிலும் வைத்தேன், ஏனென்றால் டிஸ்க்கில் வருகிற கணக்குத் திரையைக் காணாது. யார் தந்தது என்று எழுத ஓர் இடம் வைத்தேன். அச்சடிக்கிற பகுதியில் இருந்த மட்டந்தட்டலைப் பிடுங்கி எறிந்தேன். வெறும் இடைவெளியை நீக்குவது, எழுத்தை ஒரே மாதிரி ஆக்குவது சுத்தம். அதை எங்கேயும் செய்யுங்கள். அளவை மாற்றுவது சுத்தம் அல்ல. அதைச் சொன்னவரைக் கேட்காமல் எங்கேயும் செய்யாதீர்கள். உங்கள் நான்கு பேருக்கும் இதுதான் தீர்ப்பு. திரையிலும் வை, வாசலிலும் வை. திரையில் வைப்பது ஆளுக்கு உதவி, வாசலில் வைப்பது கோப்புக்குக் காவல்.

இப்படி ஒன்றை யாழ்ப்பாணத்தில் ஒருவரும் செய்திருக்கவில்லை என்று நான் எல்லோருக்கும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அடுத்த பங்கீட்டுக்கு முன் எல்லோரையும் கூப்பிட்டுப் புதிதாய்ப் பதிந்தோம். பரமேஸ்வரி அக்காவும் வந்தார். வெங்காயம் பிடுங்கியாகிவிட்டது, நல்ல விளைச்சல், இப்போது மிளகாய் என்றார். வசந்தா பதிந்துவிட்டு வாசித்தார்: "ஒரு பரப்பு, பன்னிரண்டு குழி."

"ஓம்," என்றார் அக்கா. பிறகு, "அதிலை ரெண்டு குழி கிணத்தடியும் வாய்க்காலும். பயிர் இல்லை. அதைக் கழியுங்கோ."

நான் அவர் பக்கம் திரும்பினேன். "அக்கா, இதை அண்டைக்கே சொல்லியிருக்கலாமே?"

"அண்டைக்கு நீர் என்ன கேட்டனீர்? காணி எவ்வளவு எண்டு கேட்டனீர், சொன்னன். பயிர் எவ்வளவு எண்டு ஆர் கேட்டது?"

வசந்தா என்னைப் பார்த்தார். நான் திரையைப் பார்த்தேன். அடுத்தவரைக் கூப்பிடுவதற்கு முன் பயிர் அளவுக்கு இன்னொரு கட்டம் வைத்தேன்.